கதிர்காமத்திலிருந்து கொழும்புக்கு: பாதயாத்திரை முடித்தவர்களுக்கு அதிவேக நெடுஞ்சாலைப் பேருந்து

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து கதிர்காமத்துக்கு வேலோடு நடந்து புறப்படுபவர்களுக்கும், திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ பொத்துவிலிலோ இடையில் சேர்ந்துகொள்பவர்களுக்கும், எந்தக் கோவிலில் தங்கலாம், எங்கே அன்னதானம் கிடைக்கும், உகந்தமலையில் காட்டுவழி எப்போது திறக்கும் என்பதையெல்லாம் சொல்லித்தர ஆள் உண்டு. கதிர்காமத்தில் கொடியேற்றம் பார்த்த பிறகு வீடு திரும்புவது எப்படி என்று மட்டும் எவரும் முன்கூட்டியே பேசிக்கொள்வதில்லை. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து போன எங்கள் குழுவில் பெரியம்மா உட்பட வயதானவர்கள் பலர் இருந்தார்கள். குமணை, யாலை காடுகளைக் கடந்து, மாணிக்க கங்கையில் மூழ்கி எழுந்தபோது, எல்லாருடைய கால்களும் வீங்கியிருந்தன. உள்ளங்காலில் கொப்புளம் இல்லாதவர் எவரும் இல்லை. அப்படிப்பட்ட உடம்போடு கொழும்பு வந்து சேர்வதற்கு, கதிர்காமத்திலிருந்து கொழும்புக்கு அருகேயுள்ள மாகும்புர வரை ஓடும் அதிவேக நெடுஞ்சாலைப் பேருந்தே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நாங்கள் ஏற்பாடு செய்திருந்தது ஒரு வான். கொழும்பில் இருக்கும் ஒருவர் முற்பணம் வாங்கிக்கொண்டு வாகனம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். திருவிழாக் காலத்தில் வேறு ஓட்டம் அதிக விலைக்குக் கிடைக்கிறது, பேசிய தொகைக்கு மேல் தந்தால்தான் வண்டி வரும் என்று, நாங்கள் கதிர்காமம் வந்து சேர்ந்த பிறகு தொலைபேசியில் தெரிவித்தார். காட்டுவழியில் பல இடங்களில் தொலைபேசித் தொடர்பே கிடைக்காது. காட்டிலிருந்து வெளியே வந்து நிற்கும் யாத்திரிகரால் பேரம் பேச முடியாது என்பதை நன்கு தெரிந்துகொண்டு செய்யும் வேலை இது. மிகவும் வருத்தத்துக்குரியது.

பேருந்தின் பெரிய நன்மை, அதில் நின்றுகொண்டு பயணம் செய்ய அனுமதி இல்லை என்பதுதான். இருக்கை இருந்தால் ஏற்றுவார்கள். இல்லையென்றால் அடுத்த பேருந்து வரை காத்திருக்க வேண்டும். சாதாரணப் பேருந்தில் திஸ்ஸமகாராமை, அம்பாந்தோட்டை, தங்காலை, மாத்தறை, காலி என்று கடற்கரை வழியே ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்று நின்று வருவதற்குள் பகல் கழிந்துவிடும்; அதுவும் மூட்டைகளுக்கும் மனிதர்களுக்கும் நடுவே, புண்பட்ட காலை யாராவது மிதித்துவிடுவார்களோ என்ற பயத்துடன் வரவேண்டும். 2011இல் கொட்டாவைக்கும் காலிக்கும் இடையே திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலை, 2014இல் மாத்தறை வரையும், 2020 பெப்ரவரியில் அம்பாந்தோட்டை வரையும் நீண்டது. யாத்திரிகர்களுக்கு உண்மையில் உதவியது இந்தக் கடைசி நீட்டிப்புத்தான். மாத்தறையில் இறங்கி வண்டி மாறும் தொல்லை இதனால் இல்லாமல் போனது.

எங்களிடம் ஆளுயர வேல் ஒன்று இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தயங்கி நின்றபோது, சிங்களவரான நடத்துநர் செருப்பைக் கழற்றிவிட்டு இரு கைகளாலும் அதை வாங்கி, சாரதியின் இருக்கைக்குப் பின்னாலுள்ள கம்பியில் நிமிர்த்திச் சாத்தி, பெரியம்மா கொடுத்த மஞ்சள் துணியால் இரண்டு இடத்தில் கட்டினார். "தரையில் படக்கூடாது அம்மே" என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். வெலிபென்ன ஓய்விடத்தில் வண்டி நின்றபோது, அந்தக் கட்டுத் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவர் தேநீர் குடிக்கப் போனார். இதற்கெல்லாம் எந்தக் கட்டணமும் கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. பொதிகள் வைக்க இடம் மிகக் குறைவு. சமையல் பாத்திரம், தண்ணீர்க் கலன், படுக்கை விரிப்பு என்று காட்டுக்குள் கொண்டுபோனவற்றில் எஞ்சியவையெல்லாம் மடியிலும் காலடியிலும்தான். காலை நீட்டி உட்கார முடிவதில்லை. ஆகவே பெரிய பாத்திரங்களைக் கிழக்கு மாகாணத்துக்குத் திரும்பும் குழுவினரிடம் கொடுத்தனுப்பிவிடுவது நல்லது. குளிரூட்டியும் கடுமையாக இருந்தது. மணலிலும் மரத்தடியிலும் படுத்துப் பழகிய உடம்புக்கு அந்தக் குளிர் ஒத்துவராது. ஒரு சால்வையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

புகையிரதம் பற்றியும் கேட்கிறார்கள். கொழும்பிலிருந்து வரும் தண்டவாளம் பெலியத்தையோடு முடிகிறது. அதுவரை வேறு வண்டியில்தான் வரவேண்டும். பிறகு காலியில் இயந்திரத்தை மறுபக்கம் மாற்றிப் பூட்டும்வரை காத்திருக்க வேண்டும். கட்டணம் குறைவு, கடலைப் பார்த்துக்கொண்டு வரலாம். ஆனால் மூன்றாம் வகுப்பில் இருக்கை கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. உயரமான படிகளில் ஏறி இறங்குவது கால் வீங்கியவருக்கு வேதனை. இளைஞர்கள் வேண்டுமானால் அப்படி வரலாம்.

எந்த நாளில் புறப்படுவது என்பதும் முக்கியம். கொடியேற்றத்துக்கு மறுநாள் சனம் கதிர்காமத்தை நோக்கி வருகிறதே தவிர, திரும்பிப் போவோர் அதிகம் இல்லை. காலையில் சென்றால் இருக்கை கிடைத்துவிடும். தீர்த்தோற்சவம் வரை தங்குபவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால், அன்றைக்கே புறப்படும் எண்ணத்தை விட்டுவிட்டு மடத்தில் இன்னும் ஓர் இரவு படுத்துவிட்டு வருவதே மேல்.

பேருந்து கொட்டாவையில், மாகும்புரப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து 138ஆம் இலக்கப் பேருந்து ஹைலெவல் வீதி வழியே புறக்கோட்டை வரை போகிறது. வெள்ளவத்தைக்குப் போகிறவர்கள் கிருலப்பனையில் இறங்கி முச்சக்கரவண்டி பிடிக்கலாம். கொட்டாஞ்சேனைக்காரர்கள் புறக்கோட்டை வரை போய்விடலாம். மாலை வேளையில் 138இல் நெரிசல் மிக அதிகம் என்பதால், மூட்டையும் முதியவர்களும் கூட இருந்தால், நாலைந்து பேராகச் சேர்ந்து மாகும்புரவிலேயே பிக்மீ என்ற வாடகை வண்டிச் செயலியில் ஒரு வான் எடுத்து, ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடச் சொல்லலாம்.