அளவுக்கு வெட்டிய தகடுகளும் கையைவிட்டுப் போன 431 டாலரும்

"உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது." இன்று காலை வந்த கடைசிப் பதில் இந்த ஒற்றை வரிதான். கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதிவிட நினைக்கிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன், அதைத்தான் அவர்களும் எதிர்பார்க்கிறார்கள். தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வரைபடக் கோப்பை ஏற்றினால் அரை நிமிடத்தில் விலை சொல்லி, உலோகத் தகட்டை லேசரில் வெட்டி, வளைத்து, வேறொரு நாட்டிலிருந்து அனுப்பிவைக்கும் தளங்களில் ஒன்று என்பது போதும். ஒரே மாதிரி முகப்போடு இப்படிப் பல இருப்பதால், பெயரைவிட ஏமாறும் வழியைத் தெரிந்துவைத்துக்கொள்வதே பயன்படும்.

மேசைமேல் வைத்து மரத்தில் வேலைப்பாடு செய்யும் சிறிய சி.என்.சி ரூட்டர் (கணினிக் கட்டளைப்படி நகர்ந்து வெட்டும் இயந்திரம்) ஒன்றை ஓய்வு நேரத்தில் நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் சட்டத்துக்கு 6 மி.மீ. அலுமினியத்தில் 400க்கு 250 மி.மீ. அளவுள்ள தகடுகள் நான்கு, 3 மி.மீ. அலுமினியத்தில் வளைத்த பிராக்கெட்டுகள் (பாகங்களைப் பிடித்து நிறுத்தும் தாங்கிகள்) எட்டு தேவைப்பட்டன. தகடுகளில் மொத்தம் ஆறு இடங்களில் திருகுத்தண்டின் முனையைத் தாங்கிச் சுழலவிடும் வளையமான பேரிங் (608 என்ற அளவு எண் கொண்டது) உட்கார வேண்டும். அந்தப் பேரிங்கின் வெளிவிட்டம் 22 மி.மீ.; துளை கொஞ்சம் பெரிதானால் ஆடும், சிறிதானால் நுழையாது. பிராக்கெட்டுகளில் நான்கு இடப்பக்கத்துக்கு, நான்கு வலப்பக்கத்துக்கு. வெட்டும் வடிவம் எட்டுக்கும் ஒன்றுதான், ஆனால் நான்கை மேல்நோக்கியும் நான்கைக் கீழ்நோக்கியும் வளைக்க வேண்டும். கையுறையில் இடது வலது மாறினால் என்ன ஆகுமோ அதுதான் இதிலும் ஆகும்.

இந்த இரண்டும்தான் தவறக்கூடிய இடங்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே உரையாடல் பெட்டியில் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டேன். லேசரில் வெட்டும் துளை தடிமனான தகட்டில் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாகச் சற்றே சரிந்து வருவது இயல்பு என்பதால், பேரிங் இறுக்கமாக உட்காரும்படி 22 மி.மீ. துளையைத் தர முடியுமா, இல்லையென்றால் சிறிதாக வெட்டித் தாருங்கள், நான் ரீமர் (துளையைத் துல்லியமாகக் குடைந்து பெரிதாக்கும் கருவி) போட்டுப் பெரிதாக்கிக்கொள்கிறேன் என்று எழுதினேன். நான்கே நிமிடத்தில் பதில் வந்தது: "கவலை வேண்டாம், எங்கள் பொறியாளர் ஒவ்வொரு கோப்பையும் கண்ணால் பார்த்த பிறகே வெட்டுவோம், துளையும் வளைவும் நீங்கள் கேட்டபடியே வரும்." கூடவே என் பிராக்கெட் படத்தில் இடது, வலது என்று சிவப்பு எழுத்தில் குறித்த ஒரு படத்தையும் அனுப்பினார்கள். என்னை வீழ்த்தியது அந்தச் சிவப்பு எழுத்துதான். யாரோ ஒருவர் உட்கார்ந்து என் வரைபடத்தைப் பார்த்திருக்கிறார் என்று நம்பினேன். உடனே பணத்தைக் கட்டினேன்: பொருளுக்கு 172 டாலர், அனுப்பும் கட்டணம் 64 டாலர்.

ஒன்பதாம் நாள் ஒரு மின்னஞ்சல். பொருள் தயார், ஆனால் பொட்டலத்தின் எடை மதிப்பீட்டைத் தாண்டிவிட்டதால் மேலும் 118 டாலர் கட்ட வேண்டும். 15 நாட்களுக்குள் கட்டாவிட்டால் பொருள் அழிக்கப்படும், அளவுக்குச் செய்தது என்பதால் பணம் திரும்பாது. எடை எப்படித் தாண்டும்? அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம். கணக்குப் போட்டால் நான்கு தகடுகளும் ஆறரைக் கிலோ, பிராக்கெட்டுகள் அரைக் கிலோ, ஆக ஏழு கிலோ. கோப்பை ஏற்றிய கணத்திலேயே அவர்களின் கணினிக்கும் இந்த எடை தெரியும்.

விடை, பிறகு பொருள் வந்துசேர்ந்த அட்டைப்பெட்டியில் இருந்தது. விரைவுக் கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடை, கனஅளவு எடை என்ற இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் வாங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது கனஅளவு எடை. என் பொருட்களுக்கு 45 × 30 × 12 பெட்டி தாராளம். அதன் கனஅளவு எடை 3.24 கிலோதான், எனவே உண்மையான எடைக்கே கட்டணம் வந்திருக்கும். அவர்கள் பயன்படுத்தியதோ 60 × 45 × 20 பெட்டி, அதாவது 10.8 கிலோ. கூடுதலாக நான் பணம் கொடுத்தது காற்றுக்கு. பெட்டியைத் திறந்தபோது பாதிக்கு மேல் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளே இருந்தன; அவற்றில் பல உடைந்து, தகடுகள் உள்ளே வழுக்கிப் போய் ஒன்றையொன்று இடித்ததில் இரண்டு தகடுகளின் மூலைகள் மழுங்கியிருந்தன.

அந்த 118 டாலரை நான் கட்டினேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஏற்கெனவே 236 டாலர் போயிருந்தது, பொருளையும் இழக்க மனமில்லை. தளத்துக்குள் இல்லாமல் தனியாக ஒரு இணைப்பை அனுப்பிக் கட்டச் சொன்னார்கள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்தது சுங்கம். விலைப்பட்டியலில் அவர்களாகவே "மாதிரிப் பொருள், மதிப்பு 35 டாலர்" என்று எழுதியிருந்தார்கள். நான் கேட்கவும் இல்லை, எனக்குச் சொல்லவும் இல்லை. ஏழு கிலோ எடையுள்ள, இயந்திரத்தில் வெட்டிய பொருளுக்கு இந்த மதிப்பைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். பொட்டலத்தை ஆறு நாள் நிறுத்திவைத்து, பணம் கட்டியதற்கான சான்றை என்னிடம் கேட்டார்கள். கொடுத்தேன். பொருளின் விலையோடு அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு வரி கணக்கிடப்பட்டது. பல நாடுகளில் முறை இதுதான், ஆகவே அந்தக் காற்றுப் பெட்டிக்கும் நான் வரி கட்டினேன். என் சார்பில் முன்கூட்டி வரி செலுத்தியதற்குக் கூரியர் நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் சேர்த்தது. எல்லாம் சேர்ந்து 77 டாலர். 172, 64, 118, 77. மொத்தம் 431 டாலர்.

இவ்வளவுக்கும் பிறகு பொருளாவது சரியாக இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். முதல் தகட்டை எடுத்து மேசைமேல் இரண்டு மரக்கட்டைகளின் மீது வைத்து, பேரிங்கைத் துளையின் மேல் வைத்துக் கையை எடுத்தேன். அழுத்தவே இல்லை. பேரிங் நேராகத் துளைக்குள் இறங்கி, மறுபக்கம் வெளியே வந்து, மேசையில் 'டக்' என்று விழுந்து உருண்டது. வெர்னியர் அளவுகோலில் அளந்தபோது மேல்பக்கம் 22.4 மி.மீ., கீழ்ப்பக்கம் 22.1 மி.மீ. ஆறு துளைகளும் ஏறக்குறைய இப்படித்தான். சிறிதாக இருந்தால் ரீமர் போடலாம். பெரிதாகிவிட்ட துளையில் என்ன செய்ய முடியும்? பிராக்கெட்டுகளை வரிசையாக அடுக்கினேன். எட்டும் ஒரே மாதிரி. எட்டும் இடப்பக்கம். சிவப்பு எழுத்தில் குறித்து அனுப்பியவர் அந்தப் படத்தை எனக்கு மட்டும்தான் அனுப்பினார் போலிருக்கிறது, வளைப்பவருக்கு அனுப்பவில்லை.

இனி அவர்கள் நாளைக் கடத்திய விதத்தைச் சொல்கிறேன். வாங்கும்போது நான்கு நிமிடத்தில் பதில் தந்தவர்கள் இப்போது மூன்று நாளுக்கு ஒரு பதில் தந்தார்கள். முதலில் படம் கேட்டார்கள், அனுப்பினேன். படத்தில் அளவு தெளிவாக இல்லை என்று காணொளி கேட்டார்கள். ஒரு கையில் வெர்னியரும் ஒரு கையில் கைபேசியுமாக ஆறு துளைகளையும் அளந்து அனுப்பினேன். பிறகு பொறியாளர் விடுமுறையில் இருக்கிறார் என்றார்கள். அவர் திரும்பிய பிறகு வந்த பதில்: தளத்தில் அறிவித்த ±0.1 மி.மீ. துல்லியம் 3 மி.மீ. வரையிலான தகடுகளின் வெளிவிளிம்புக்கு மட்டுமே பொருந்தும். விதிகள் பக்கத்தின் அடியில் அப்படி ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. சரி, துளை என் தலையெழுத்து என்றே வைத்துக்கொள்வோம். வலப்பக்கப் பிராக்கெட் எங்கே என்று கேட்டேன். "கோப்பில் எட்டும் ஒரே வடிவம்தானே" என்றார்கள். அவர்களே அனுப்பிய சிவப்பு எழுத்துப் படத்தைத் திருப்பி அனுப்பினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அதற்குப் பதிலாக 15 டாலருக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் வந்தது, 150 டாலருக்கு மேல் மறுபடியும் வாங்கினால் மட்டுமே செல்லும். பொருளைத் திருப்பி அனுப்பினால் புதிதாகச் செய்து தருவோம், அனுப்பும் செலவு உங்களுடையது என்றும் சொன்னார்கள். கூரியரில் விசாரித்தேன்: 210 டாலர். பொருளின் விலையே 172தான். இழப்பீடு கேட்டபோது வந்த வாதத்தைப் படித்துவிட்டு எழுந்து சிறிது நேரம் நடந்துவிட்டு வந்தேன்: அறிவித்த மதிப்பு 35 டாலர் என்பதால் அதற்கு மேல் இழப்பீடு பேச முடியாதாம். அந்த 35ஐ எழுதியது யார்?

பணம் செலுத்திய சேவையில் முறையீடு பதிவு செய்தேன். மறுநாளே தொனி மாறியது. "நீங்கள் முறையீட்டைத் திரும்பப் பெற்றால்தான் எங்கள் கணக்குப் பிரிவால் பணத்தை விடுவிக்க முடியும், 48 மணி நேரத்தில் 172 டாலர் வந்துவிடும்" என்று பணிவாக எழுதினார்கள். நான் திரும்பப் பெற்றேன். ஆம், பெற்றேன். மூடிய முறையீட்டை அதே காரணத்துக்காக மறுபடி திறக்க முடியாது என்பது எனக்கு 49ஆவது மணி நேரத்தில்தான் தெரிந்தது. தனி இணைப்பில் கட்டிய 118 டாலரோ அந்தச் சேவையின் கணக்கிலேயே இல்லை. ஆக 431 டாலருக்கு என்னிடம் இப்போது இருப்பவை பேரிங் நிற்காத நான்கு தகடுகளும் பயன்படும் நான்கு பிராக்கெட்டுகளும்தான்.

யாருக்காவது உதவட்டும் என்று விரிவாக எழுத எண்ணியிருந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. மூன்று நான்கு மட்டும் சொல்கிறேன். உரையாடல் பெட்டியில் சொன்னது எதுவும் செல்லாது. துளையின் ஏற்கத்தக்க அளவு வேறுபாட்டையும் வளைக்கும் திசையையும் வரைபடத்திலேயே எழுதுங்கள், இடதையும் வலதையும் வெவ்வேறு பெயரில் இரண்டு கோப்புகளாகக் கொடுங்கள். பேரிங் துளையை லேசரை நம்பி விடாதீர்கள். பெட்டியின் அளவையும், வரி யார் தலையில் என்பதையும் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள், அனுப்பும் நிபந்தனை டி.டி.பி. (DDP) என்றால் வரி விற்பவருடையது, டி.ஏ.பி. (DAP) என்றால் உங்களுடையது, ஒன்றுமே சொல்லவில்லை என்றால் உங்களுடையது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தனி இணைப்பில் ஒரு காசும் கட்டாதீர்கள். பணம் கைக்கு வரும்வரை முறையீட்டை மூடாதீர்கள், எவ்வளவு பணிவாகக் கேட்டாலும்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். அட்டை கொடுத்த வங்கியில் தனியாக மறுப்புத் தெரிவிக்க நாள் கெடு உண்டு. அது முடிவதற்குள் நான்கு ரசீதுகளையும் அந்தச் சிவப்பு எழுத்துப் படத்தையும் இணைத்துக் கடிதம் அனுப்பியாக வேண்டும்.