வார்மா, பிரைட்டா: இரண்டு ஸ்பீக்கர்களை வைத்து ஓர் ஒப்பீடு

ஸ்பீக்கர் எப்படி என்று ஆடியோ பிரியர்களிடம் கேட்டால் வார்ம், பிரைட், ஏர், பஞ்ச், இமேஜிங் என்று சொற்கள் வந்து கொட்டும். அதிகம் அடிபடுவது முதல் இரண்டும்தான். அடி ஒலி நிறைந்து மென்மையாகக் கேட்டால் வார்ம், மேல் ஒலி தூக்கலாகக் கேட்டால் பிரைட். வாங்கப் போகிறவர் கடைசியில் அவற்றுக்கு நடுவில்தான் நிற்கிறார். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஊரறிந்த ஒரு ஸ்பீக்கரை எடுத்துக்கொள்கிறேன்.

வார்ம் பக்கம், 1970களில் பிபிசி தன் வெளி ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ. பிரைட் பக்கம், 1978இல் யமஹா கொண்டுவந்த என்எஸ்-10. இரண்டும் சின்னப் பெட்டிகள், பின்னால் துளை இல்லாமல் மூடியவை. ஒலியோ எதிரெதிர்.

எல்எஸ்3/5ஏ-யில் இருப்பது ஐந்து அங்குல வூஃபர், அதாவது கீழ் ஒலிகளைத் தரும் பகுதி. ஆழமான பேஸ் அதில் வராது. அந்தக் குறை தெரியாதபடி 100 ஹெர்ட்ஸுக்கு (ஒலி எவ்வளவு மேலே, கீழே என்பதன் அளவு) சற்று மேலே ஒலி லேசாக எழும்பி நிற்கும். ஆண் குரலின் கனம் இருக்கும் இடம் அது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் நிறைவாகக் கேட்பது போலிருக்கும். மிக அடியிலுள்ள நாதம் குறைந்திருப்பதைக் காது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மனிதக் குரலுக்கு இன்றைக்கும் எனக்கு இதுதான் பிடித்த ஒலி.

என்எஸ்-10 வீட்டில் இசை கேட்பதற்காக வந்து, அங்கே எடுபடாமல், ஸ்டூடியோக்களில் வாழ்வு பெற்றது. 1,500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வாக்கில் ஏறக்குறைய 5 டெசிபல் (சத்தத்தின் அளவு) தூக்கல், பேஸ் மெலிவு. குரல் முகத்துக்கு நேரே வந்து நிற்கும், பதிவில் உள்ள குறை ஒன்றும் ஒளியாது. பாப் கிளியர்மவுன்டன் போன்ற மிக்ஸிங் பொறியாளர்கள் அதை நம்பியது அதனால்தான். அப்படியும் மேல் ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காதைக் கூசவைப்பது தாங்காமல் பலர் அதன்மேல் டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட்டார்கள். பிறகு யமஹாவே ட்வீட்டரைத் திருத்தி ஸ்டூடியோ மாடல் வெளியிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்தப் பெட்டியில் ஒரு தட்டு ஒலித்த வேகத்தில் அடங்கிவிடும், இழுத்துக்கொண்டு நிற்காது. இது பிரைட் என்ற சொல்லுக்குள் அடங்காத தனிச் சிறப்பு. இதை டைட் என்பார்கள்.

கடையில் ஏமாறும் இடம் எது தெரியுமா? எல்எஸ்3/5ஏ-யின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரே அளவு மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, 82, 83 டெசிபல். என்எஸ்-10க்கு 90. வால்யூமைத் தொடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் யமஹா சுமார் 7 டெசிபல் சத்தமாகப் பாடும். சத்தமாகப் பாடுவதைத்தான் காது ‘டீடெய்ல்’ என்று எடுத்துக்கொள்ளும். எந்த ஜோடியை ஒப்பிட்டாலும், செல்போனில் உள்ள சவுண்ட் மீட்டரை வைத்தாவது இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பேசுங்கள்.

அப்புறம் அறை. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், திரையில்லாத ஜன்னல் என்றால் உச்ச ஸ்தாயி தெறித்துத் திரும்பும். பிரைட் ஸ்பீக்கர் அங்கே காதைக் குத்தும். வார்ம் ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் ஊதிப்போய் வயலினும் மிருதங்கமும் ஒன்றோடொன்று குழம்பும். சுவரிலிருந்து ஓரடி முன்னால் இழுத்தாலே நிறையத் தெளியும்.

வீட்டில் மணிக்கணக்கில் கேட்பவர் என்றால் வார்ம் பக்கம் போங்கள், தயக்கமே வேண்டாம். சொந்தமாகப் பாடிப் பதிவு செய்து திருத்துகிறவருக்கு மட்டும் பிரைட்டைச் சொல்வேன். இரண்டு வகையையும் நாதஸ்வரத்தில் சோதியுங்கள். அரை மணி நேரத்துக்குள் கை தானாக வால்யூமைக் குறைக்கப் போனால், அந்த ஸ்பீக்கரைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.