சந்தன்நகர் நடைச் சுற்றுலா: ஊருக்கு ஐந்து நட்சத்திரம், சுற்றுலாவுக்கு இரண்டு

ஹௌராவில் லோக்கல் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சந்தன்நகர். நம் பக்கத்துப் பழைய ஆட்கள் சந்திரநாகூர் என்பார்கள், நம் பாண்டிச்சேரி மாதிரியே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். கல்கத்தா வரை போய்விட்டு இந்த ஊரைப் பார்க்காமல் வந்தால் பாண்டிச்சேரிக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாதே என்று அரைநாள் நடைச் சுற்றுலா ஒன்றுக்குப் பதிவு செய்தேன். நடத்துகிறவர்கள் பெயர் வேண்டாம்.

வழிகாட்டிப் பையன் தங்கமானவன்தான், ஆனால் மியூசியத்தில் ஒரு மணி நேரம் டூப்ளே புராணம். 1742இல் புதுச்சேரிக்கு கவர்னராக வருவதற்கு முன்னால் பத்து வருடம் இங்கேதான் இருந்தார், வியாபாரத்தில் ஊரும் கொழித்தது அவரும் கொழித்தார், நம் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தாரே அவரிடம், அதே ஆள்தான். சரி, அதைக் கால் மணி நேரத்தில் முடிக்கலாமே! இங்கே இருந்த பிரெஞ்சுக்காரர்களின் ஓர்லேயான் கோட்டை எங்கே என்று கேட்டால் "இப்போது இல்லை" என்பதோடு சரி. 1757 மார்ச்சில் கரையிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கிளைவும் ஆற்றிலிருந்து அட்மிரல் வாட்சனின் கப்பல்களும் அடித்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் வழியை மறிக்க ஹூக்ளியில் கப்பல்களை மூழ்கடித்தும் பயனில்லை, 23ஆம் தேதி கோட்டை விழுந்தது, சரியாக மூன்று மாதத்தில் பிளாசிப் போர். அந்த ஆற்றங்கரையிலேயே நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

எனக்கு இன்னும் பெரிய குறை வேறு. பின்னால் திரும்பவும் பிரெஞ்சுக்காரர் கைக்கே வந்து, ஆங்கிலேயப் போலீஸ் உள்ளே நுழைய முடியாத ஊராக இருந்ததால் வங்காளப் புரட்சிக்காரர்களுக்கு இது ஒளிவிடம். அரவிந்தர் 1910இல் கல்கத்தாவிலிருந்து முதலில் ஓடி வந்தது இங்கேதான், அப்புறம்தான் ஏப்ரல் 4ஆம் தேதி புதுச்சேரியில் வந்து இறங்கினார். இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1949 ஜூன் வாக்கெடுப்பும் அப்படித்தான்: இந்தியாவோடு சேர 7,463 ஓட்டு, எதிராக வெறும் 114. புதுச்சேரிப் பக்கத்துக் கீழூரில் 1954இல் 178 பிரதிநிதிகள் மட்டும் ஓட்டுப் போட்டு நம் ஊரின் கதையை முடித்தார்கள், இங்கே ஊர் ஜனங்களே போட்டிருக்கிறார்கள். எனக்கு அதுதான் பொறாமை.

மற்றபடி ஸ்ட்ராண்ட் என்கிற ஆற்றங்கரைச் சாலை பிரமாதம். நம் பீச் ரோடு மாதிரியே, ஆனால் அலை இல்லை. படித்துறையில் ஈரத்துண்டோடு ஆட்கள், எதிர்க்கரைக்குப் போகும் படகு, மரநிழலில் பெஞ்சு. இதற்கு வழிகாட்டியே தேவையில்லை, சாயங்காலமாகப் போய் உட்காருங்கள்.

இரண்டு நட்சத்திரமும் கடைசி அரைமணிக்குத்தான். சூர்ய குமார் மோதக் கடைக்குக் கூட்டிப்போனான். ஜல்பரா சந்தேஷ் என்ற பால் இனிப்பு, பார்க்க அசல் நுங்கு. தெலினிபாடா ஜமீன் வீட்டில் புது மாப்பிள்ளையை ஏமாற்றுவதற்காகவே செய்யச் சொன்னார்களாம். பையன் இந்தக் கதையை மட்டும் கண்ணெல்லாம் மின்னச் சொன்னான், ஏமாற்றுவது எப்படி என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் நம்பிக்கையாக ஒரு பெரிய கடி கடித்தேன், உள்ளே இருந்த ரோஜாப் பன்னீர் பீறிட்டு வெள்ளைச் சட்டை முழுக்க. கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.