22,500 ரூபாய் போச்சு, சிறுநீரகம் தப்பியது: ஜிம்மில் சேரும் முன் இதைப் படியுங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஜிம்மின் பெயரைப் போடவில்லை. ஊர்ச் சண்டை வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மன்னார்குடி வட்டாரத்தில், மாடியில் கண்ணாடி பதித்து பாட்டு அலறவிடும் ஜிம்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் கரையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவன் நான். காலணா செலவில்லை. வயது 37, கணக்கு எழுதும் வேலை, கொஞ்சம் தொப்பை. ஏப்ரலில் ஒரு நாள் சும்மா விசாரிக்கத்தான் அந்த மாடி ஏறினேன். டிரெய்னர் தம்பி உட்காரவைத்து டீ வரவழைத்தான். எடை பார்த்து நோட்டில் எழுதினான். அப்பாவின் முட்டிவலியைக்கூட விசாரித்தான். 90 நாள் திட்டம், தனிப் பயிற்சி, 22,500 ரூபாய், ஒரு நாளும் லீவு இல்லை.

"வாரத்துல ஒரு நாளாவது ஓய்வு வேணாமா தம்பி?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமைன்னு சாப்பாட்டுக்கு லீவு விடுறீங்களா?"

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில்தான் விழுந்தேன். குறுவை நடவுக் கூலிக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது. பத்தாயிரத்தை ஃபோனிலேயே அனுப்பினேன், மீதியை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. அண்ணே என்று கூப்பிடுகிறவனிடம் ரசீது கேட்க வாய் வருமா?

முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் தூக்கம் போயிற்று. உடம்பு அடித்துப் போட்டது போல் இருக்கும், கண் மூடாது. சோறு இறங்கவில்லை. பிள்ளையை ஒன்றுமில்லாததற்கு அதட்டினேன். போன வாரம் தூக்கிய எடையை இந்த வாரம் தூக்க முடியவில்லை. அப்பாவின் பிரஷர் மிஷினில் காலையில் எழுந்ததும் நாடி பார்த்தால் 70-க்குள் இருந்தது 86 காட்டியது. டிரெய்னரிடம் சொன்னேன். "ஹார்ட்டு ஸ்ட்ராங் ஆகுதுண்ணே" என்றான். பச்சைப் பொய். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் ஓய்வு நேர நாடி குறையத்தான் செய்யும். அது ஏறுவதும், தூக்கம் கெடுவதும், பலம் குறைவதும் உடம்பு ஓய்வு கேட்கிற அறிகுறிகள் என்று பிறகு டாக்டர் சொன்னார். இருபத்திரண்டாயிரத்து ஐநூறு வாங்கியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

மே மாதம், கத்திரி வெயில். பங்காளி வீட்டுக் காரியம் ஒன்றுக்காக மூன்று நாள் போகவில்லை. திரும்பிப் போன அன்று "மூணு நாள் பாக்கியும் இன்னிக்கே" என்று 300 முறை உட்கார்ந்து எழ வைத்தான். தகரக் கூரை, ஒரே ஒரு மின்விசிறி. இறங்கும்போது படியில் கால் நிற்கவில்லை. வலிக்கு அவனே ஒரு மாத்திரையும் கொடுத்தான். மூன்றாம் நாள் காலையில் சிறுநீர் கழித்தால் காபி டிகாக்‌ஷன் நிறம்.

தஞ்சாவூருக்கு ஓடினோம். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சிகே என்று ஒன்றைப் பரிசோதித்தார்கள். சாதாரணமாக 200-க்குள் இருக்க வேண்டியது எனக்கு 38,000. தசை உடைந்து, அதிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தை அடைத்துக்கொள்ளுமாம். தண்ணீர்ச்சத்து வற்றிய உடம்பில் அந்த வலி மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. ஐந்து நாள் ராப்பகலாக டிரிப்ஸ். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்கலாம் என்றார்கள்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா சொன்னது இதுதான்: "வயலுக்கே காய்ச்சலும் பாய்ச்சலும்டா. நீ ஓயாம பாய்ச்சுனா வேர் அழுகாதா?" தண்ணீர் பாய்ச்சுவதும் நடுவில் வயலைக் காயவிடுவதும் மாறி மாறி வர வேண்டும் என்கிறார். டாக்டரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார். தசை தேறுவது ஓய்வில்தானாம். ஒரே தசைக்குக் கடுமையாக வேலை கொடுத்தால் அடுத்த முறைக்கு இரண்டு நாளாவது இடைவெளி விட வேண்டுமாம். ஆறு மா (இரண்டு ஏக்கர்) நிலத்தில் விவசாயம் பார்க்கிறவருக்குத் தெரிந்தது சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவனுக்குத் தெரியவில்லை.

இனிதான் கூத்து. படுத்துக்கொண்டே டிரெய்னருக்குப் போன் செய்தேன். "தண்ணி கம்மியா குடிச்சிருப்பீங்கண்ணே." மறுநாள் போனை எடுக்கவில்லை. ஓனரிடம் பேசினால் "அவரு தனியா வர்ற ஆளு சார், நாங்க பொறுப்பில்ல" என்கிறார். பணம் என்னவாயிற்று என்றால், திருப்பித் தர மாட்டார்களாம், வேண்டுமானால் என் தம்பி பெயருக்கு மாற்றித் தருவார்களாம்! நான் கையெழுத்துப் போட்ட தாளில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். மூன்றாம் முறை கேட்டதும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். இதில் உச்சம் ஒன்று உண்டு. கையில் ஊசியோடு நான் கிடந்த அன்று, "ஆறே வாரத்தில் ஆறு கிலோ" என்று என் படத்தை அந்த டிரெய்னர் ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். மைத்துனன் காட்டினான். 22,500 ரூபாய் கொடுத்து அவனுக்கு விளம்பரப் படமும் ஆகியிருக்கிறேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லியிருக்கிறேன். கையில் இருப்பது ஃபோனில் அனுப்பிய பத்தாயிரத்துக்கான ஆதாரம் மட்டும். ரொக்கமாகக் கொடுத்த 12,500-ஐ எழுதிய நோட்டு அவனிடம் இருக்கிறது.

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. ஓய்வு நாள் கிடையாது என்கிற ஜிம்மில் சேராதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் ரசீது வாங்குங்கள். டிரெய்னர் தரும் மாத்திரையைப் போடாதீர்கள். சிறுநீர் கறுத்தால் அவனைக் கூப்பிடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த ஸ்டேட்டஸைப் பார்த்து எங்கே சேர்ந்தாய் என்று கேட்டு எனக்கு மெசேஜ் அனுப்பிய மூன்று பேரும் தயவுசெய்து எனக்குப் போன் செய்யுங்கள்.