தரைவீடா, மாடிவீடா? அத்தை நடக்கும் தூரத்தை வைத்துப் பார்ப்போம்

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, உடைக்கப் போகிறார்கள். எங்கள் முன் இரண்டு வழிகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று, செம்பனைக் காட்டைத் தாண்டி ஆறு கிலோமீட்டரில் அமையும் தாமானில், அதாவது புதிய வீடமைப்புப் பகுதியில், தரைவீடு. மற்றொன்று, தொழிலாளர்களை அதிகாலையில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்ட, கடைத்தெருவை ஒட்டிய பழைய பெரட்டுக் களத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு. ஊரில் பெரும்பாலோர் தரைவீட்டின் பக்கம்.

அதற்குக் காரணம் உண்டு. 1921இல் உருவான பிராங் பெசார் தோட்டத்தின் மண்ணில்தான் நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்து கிளப்பப்பட்ட தொழிலாளர்கள் டிங்கில் ஊரின் தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டார்கள். தரைவீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். மாடி என்றதும் எங்களுக்கு அடிவயிறு கலங்குவது அதனால்தான்.

என் அத்தையின் லய வாசலைப் பாருங்கள். பழைய பால் வாளியில் துளசி, வேலியோரம் முருங்கை, சமையலறைப் பின்புறம் கறிவேப்பிலை, அதற்கடுத்து இரண்டு வாழை. குழம்பு கொதிக்கும்போது எட்டிப் பறித்துக்கொள்வார். 700 சதுர அடி மாடிவீட்டில் அந்த முருங்கையை எங்கே வைப்பது? இந்த இடத்தில் தரைவீடு வெல்கிறது, மறுக்க மாட்டேன்.

ஆனால் அத்தைக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. இப்போது கோயிலுக்கும் கிளினிக்குக்கும் கடைக்கும் அவர் நடந்தே போகிறார். பேத்தியைத் தமிழ்ப்பள்ளிக்குக் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதும் அவர்தான். தாமானுக்குப் போய்விட்டால் ஒவ்வொன்றுக்கும் மகன் வேலை முடிந்து வரக் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எப்போதாவது வரும் பஸ்ஸை நம்ப வேண்டும். வாசலில் முருங்கை இருக்கும், வாசலைத் தாண்ட வழி இருக்காது.

நடையை நான் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே மட்டும் அது 31.4 விழுக்காடாக இருந்தது. எங்கள் லயத்தில் மாத்திரை டப்பா இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உணவும் வம்சமும் காரணம்தான். இருந்தாலும் தினமும் தானாக நடக்கும் நடையை நாமே ஏன் பறித்துக்கொள்ள வேண்டும்?

செலவிலும் அதே கதைதான். தாமானுக்குப் போனால் பெட்ரோலும் இரண்டாவது மோட்டாரும் மாதச் சம்பளத்தில் கை வைக்கும்.

பெரட்டுக் களத்திலேயே தரைவீடு கட்டினால் என்ன என்று கேட்கலாம். எல்லாருக்கும் கட்ட முடிந்தால் மாடியைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் அந்த நிலத்தில் எங்கள் குடும்பங்களில் பாதிக்குக்கூட இடம் வராது. மற்றவர்களை எங்கே அனுப்புவது?

ஆகவே என் வாக்கு மாடிவீட்டுக்கு. ஆனால் கொடுப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டேன். லிப்ட் இல்லாத கட்டடம் என்பதால் தரைத்தளம் முழுவதும் முதியவர்களுக்கும் உடல் முடியாதவர்களுக்கும். வீட்டுக்கொரு காய்கறிப் பாத்தி வேண்டும், கட்டடத்தைச் சுற்றிலும் வாகன நிறுத்தம் வேண்டாம். வீடமைப்பில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளி என்பது இங்குள்ள வழக்கமான விதி. அதை மூலை முடுக்கில் துண்டு துண்டாகக் காட்டாமல் ஒரே திடலாக விட வேண்டும். கொசு முட்டையிடாதபடி தண்ணீர் தேங்காத கால்வாய் வேண்டும்.

முக்கியமாக, கட்டடத்திலிருந்து கடைத்தெரு வரை அஞ்சடி, அதாவது ஐந்தடி நடைபாதை, வேண்டும். 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் கடை முகப்புகளை ஒட்டிக் கூரையுள்ள நடைபாதையைக் கட்டாயமாக்கினார். மலாயா ஊர்களுக்கும் அந்த வழக்கம் பரவியது. எங்கள் பழைய கடைவரிசையில் இன்றும் மழையிலும் வெயிலிலும் அத்தை அதன் கீழேதான் நடக்கிறார். கடைசிக் கடையோடு அது நின்றுவிடுகிறது. பெரட்டுக் களம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

வரைபடத்தைச் சென்ற வாரம் காட்டினார்கள். களத்து நடுவில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் இடத்தில் இருபது கார்களுக்குக் கோடு போட்டிருக்கிறது. அதிகாலைப் பெரட்டுக்கு என் தாத்தா நின்ற மரம் அது. அடுத்த கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.