மட்டக்களப்பு மலர்ச்சாலை ஒன்று: வேலை நல்லது, பில் பொல்லாதது

மாமியின் இறுதிச் சடங்குக்கு நகரில் நாங்கள் பிடித்த மலர்ச்சாலையின் பெயரை எழுதப்போவதில்லை. உடலைத் தயார்செய்த விதத்துக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். பில்லுக்கு ஒன்று, அதுவும் தாராளம்.

மார்கழி மழையில் அரசடியில் மாமி வீட்டிலேயே காலமானார், வயது 81. உடல் பழுதாகாமல் எம்பாம் செய்ய வந்த பொடியன் வேலை முடிந்ததும் சேலை உடுத்துவதைப் பெண்களிடம் விட்டுவிட்டு வெளியே போய் நின்றான். பவுடரை அப்பி வைக்கவில்லை. மாமி மாமியாகவே படுத்திருந்தார். இந்த வேலைக்கு என்ன கேட்டாலும் கொடுக்கலாம்.

ஆனால் தொலைபேசியில் 'எல்லாம் அடங்கலாக 85,000' என்றவர்கள் கடைசியில் நீட்டியது 132,000. வாகனம் காத்து நின்ற காசு, இரண்டாம் நாள் எம்பாம் என்று வரி வரியாக இருந்தது. 'அது பெக்கேஜுக்குள்ள வராது அண்ணன்' என்பதுதான் எல்லாவற்றுக்கும் பதில். மகன் கனடாவிலிருந்து வருகிறார் என்று காதில் விழுந்ததும் தேக்குப் பெட்டியைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை.

அந்தத் தேக்குப் பெட்டியின் கனத்தின் அருமை கள்ளியங்காடு இந்து மயானத்தில் தெரிந்தது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் மணல். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். குழி வெட்டும் வேலையையும் மலர்ச்சாலையே பொறுப்பெடுத்து, காலையிலேயே வெட்டி முடித்திருந்தது. நாங்கள் போகும்போது ஓரம் சரிந்து, உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்து வீட்டு வாட்டர் பம்பைக் கொண்டுவந்து இறைத்தோம். இளசுகள் கயிற்றைப் பிடித்து இறக்கும்போது கால் வைக்கத் திடமான இடமில்லை. அங்கிருந்த வயசாளி ஒருவர், "மாரியில காலையில வெட்டினா பின்னேரம் கிணறுதான் மனே" என்றார். பிரேதம் வீட்டை விட்டு வெளிக்கிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெட்டி, ஓரத்துக்குப் பலகை கொடுக்க வேண்டுமாம். இதை மலர்ச்சாலைக்காரர் அல்லவா தெரிந்திருக்க வேண்டும்? பெட்டியும் சாதாரணப் பலகையே போதும்.

'ஆவணச் செலவு 5,000' என்றும் ஒரு வரி. சிரிப்புத்தான் வந்தது. வீட்டில் நடந்த இயற்கை மரணம் என்றால் அடையாள அட்டையையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கிராம சேவகரிடம் போனால் அறிக்கை தருவார். அதைப் பதிவாளரிடம் கொடுத்தால் மரணப் பதிவு. ஐந்து நாளுக்குள் அறிவிக்க வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று அலைச்சல். ஆஸ்பத்திரியில் இறந்தால் மருத்துவச் சான்று அங்கேயே கிடைக்கும். விபத்து, தற்கொலை, சந்தேகம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி பார்க்கும்வரை உடலை அசைக்கக்கூடாது. மயானத்துக்காக மாநகர சபைக்குக் கட்டிய காசு பெட்டி விலைக்குப் பக்கத்தில் கூட வராது, ரசீதும் தந்தார்கள். பிறகு சமாதி கட்டும் எண்ணம் இருந்தால் அதையும் சபையிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கர் ஆலையடிச்சோலை சேமக்காலையில் அடக்கப் பங்குத் தந்தையோடுதான் பேச வேண்டும். காத்தான்குடி முஸ்லிம் நண்பன் எங்கள் பில்லைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். அவர்களுக்குப் பெட்டியே வாங்கும் தேவையில்லை. பள்ளிவாசலின் பொதுப் பெட்டியான சந்தூக்கில் மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கியதும், சந்தூக்கு பள்ளிக்குத் திரும்பிவிடும். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் எரிக்க வைத்து, 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். அந்தக் கதையை அவன் தொடங்கினால் நிறுத்தமாட்டான், நிறுத்தச் சொல்லவும் மனம் வராது.

இனி ஒரு தேவை வந்தால் எம்பாமுக்கும் வாகனத்துக்கும் இவர்களையே கூப்பிடுவேன், விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு. குழி, பந்தல், கதிரை எல்லாம் ஊர் மரண உதவிச் சங்கத்தோடு சரி. சங்கத்துத் தகரக் கொட்டகை சும்மா கிடக்க, கொட்டகைக்கும் கதிரைக்கும் மட்டும் இவர்கள் போட்டது 18,000.