பிளாஸ்டிக் டப்பாவா, கண்ணாடி டப்பாவா? மைக்ரோவேவில் கறி சூடு பண்ணுகிறவர்களுக்கு

என் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதில் சாப்பாடு வைப்பதில்லை, பருப்பு கடுகு கூடப் போட்டு வைப்பதில்லை. உள்சுவரில் பாதி உயரத்துக்கு ஒரு மஞ்சள் கோடு சுற்றி ஓடும். அந்தக் கோட்டை விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். யாராவது வந்து, "பிளாஸ்டிக்கில் சூடு பண்ணினால் என்னக்கா ஆகிவிடும்?" என்று கேட்டால், அந்த டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வேன்.

நான் வேலை பார்ப்பது பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனை ஆலையின் அலுவலகத்தில். ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கிற பெஸ்தாரி ஜெயா. 2007-ல் பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனாலும் பெரியவர்களுக்கு இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். ஆலையின் சாப்பாட்டு அறையில் ஒரே ஒரு மைக்ரோவேவ். மதியம் பன்னிரண்டரைக்கு அதன் முன்னால் வரிசை நிற்கும். வரிசையில் நிற்பவர்கள் கையைப் பார்த்தாலே ஊரில் என்னென்ன டப்பா புழங்குகிறது என்று தெரிந்துவிடும். கடையில் சாப்பாடு கட்டிக் கொடுத்த மெல்லிய டப்பாவைக் கழுவிக் கழுவிக் கொண்டுவருகிறவர்கள் பாதிப்பேர். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய கெட்டி மூடி டப்பா கொஞ்சப்பேர். கண்ணாடி டப்பா என்னுடையதையும் சேர்த்து இரண்டோ மூன்றோ. மூன்றையும் நான் புழங்கியிருக்கிறேன். கண்ணாடிக்கு மாறி மூன்று வருஷம் ஆகிறது, திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

போட்டியில் சேர்க்கவே கூடாத சிலவற்றை முதலில் ஓரம் கட்டிவிடலாம். வெள்ளை நுரை டப்பா, அதாவது அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று எண் போட்ட பாலிஸ்டைரீன், 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். அதன் மூலப்பொருளான ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பெரும்பாலும் நம்பத்தக்க பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018-ல் சேர்த்தது. மாமாக் என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பார்க்கிற வண்ண வண்ண மெலமைன் தட்டு பார்க்கப் பீங்கான் மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் மைக்ரோவேவின் அலையைத் தானே உறிஞ்சிச் சூடேறும். சூடேறினால் மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் சாப்பாட்டில் இறங்கும். தண்ணீர்ப் போத்தலும் 1 என்று போட்ட மெல்லிய கண்ணாடி போன்ற டப்பாக்களும் 70, 80 டிகிரியிலேயே சுருங்கிவிடும். ஐஸ்கிரீம் டப்பாவும் மார்ஜரின் டப்பாவும் குளிருக்குச் செய்தவை. இவை எதுவும் மைக்ரோவேவ் பக்கம் போகக்கூடாது.

மீதி இருப்பது 5 என்று போட்ட பாலிபுரோப்பிலீன் டப்பா, அப்புறம் கண்ணாடி. உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான்.

5-ஆம் எண்ணைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இது உருகுவதற்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். பிபிஏ என்று ஒரு வேதிப்பொருளைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்களே, அது இதில் கிடையாது. பிபிஏ இருப்பது பாலிகார்பனேட் என்கிற, கண்ணாடி மாதிரி பளிச்சென்று கெட்டியாக இருக்கும் பழைய பிளாஸ்டிக்கில். அதற்குப் போடுகிற எண் 7. நம் நாட்டில் 2012 மார்ச் 1 முதல் குழந்தைகளின் பால் போத்தலில் பிபிஏ-வுக்குத் தடை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் உணவு படுகிற பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே தடை விதித்தது. ஆகவே 5 போட்ட டப்பாவின் மேல் "பிபிஏ இல்லை" என்று பெரிதாக ஒட்டியிருந்தால் அதற்காக இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுக்காதீர்கள். அதில் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. பழைய அலமாரியில் அம்மா காலத்துப் பளிங்கு மாதிரி டப்பா இருந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் எண் என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. மைக்ரோவேவில் வைக்கலாம் என்பதற்கு அலை அலையாகக் கோடு போட்ட தனி அடையாளம் உண்டு. அந்த அடையாளமும் சொல்வது இவ்வளவுதான்: டப்பா வளையாது, உருகாது, அனுமதித்த அளவுக்கு மேல் எதுவும் சாப்பாட்டில் இறங்காது. ஒன்றுமே இறங்காது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

சரி, இவ்வளவு தாங்கும் பிளாஸ்டிக்கை ஏன் விட்டேன்? எண்ணெய்தான் காரணம். என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இந்த நாட்டில் வணிகத்துக்கென்று செம்பனையை முதலில் நட்டது 1917-ல், எங்கள் ஊர்ப்பக்கம் இருக்கிற தென்னமரம் தோட்டத்தில். எங்கள் வீட்டுச் சட்டியில் ஊற்றுவதும் செம்பனை எண்ணெய்தான். தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக்கறி, சம்பல், ரெண்டாங், நெத்திலி வறுவல் என்று நாங்கள் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் எண்ணெய் மேலே மிதக்கும். மைக்ரோவேவ் 5-ஆம் எண் டப்பாவை நேராகச் சூடாக்குவதில்லை, சாப்பாட்டைச் சூடாக்குகிறது. டப்பா அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஆகவே டப்பாவுக்கு எவ்வளவு சூடு ஏறும் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சோறு, ரசம், கீரை எல்லாம் தண்ணீர்ப் பண்டம். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், அதற்கு மேல் போகாது. எண்ணெய்க்கு அந்த வேலி கிடையாது. ஆவியாகி இறங்க வழி இல்லாமல் 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். அதோடு மைக்ரோவேவில் நடுவில் இருப்பதைவிட ஓரத்தில் இருப்பது முதலில் சூடாகும். எண்ணெய் எங்கே நிற்கிறது? மேலே, ஓரத்தில், டப்பாவின் சுவரை ஒட்டி.

ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த கறியைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் உறைந்து, செம்மஞ்சள் ஏடாகச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஏடு முதலில் உருகி, முதலில் கொதித்து, குழம்பின் நடு இன்னும் சில்லென்று இருக்கும்போதே சுவரைச் சுடும்.

அப்படித்தான் என் டப்பா போனது. ஞாயிற்றுக்கிழமை மீந்த ஆட்டுக்கறியை, கடையில் மீகோரெங் கட்டிக் கொடுத்த டப்பாவில் போட்டுத் திங்கட்கிழமை ஆலைக்குக் கொண்டுபோனேன். இரண்டு நிமிஷம் வைத்தேன், நடுவில் ஆறியிருந்தது, இன்னும் ஒன்றரை நிமிஷம் வைத்தேன். பாதிச் சாப்பாடு இறங்கிய பிறகுதான் கரண்டி சுவரில் உரசுகிற சத்தம் வேறு மாதிரி கேட்டது. பார்த்தால் எண்ணெய் நின்ற மட்டத்தில் மட்டும் சுவர் வெளுத்து, கொப்புளித்து, குழி விழுந்திருக்கிறது. அதற்கு மேலேயும் கீழேயும் வழவழப்பு அப்படியே. குழியில் இருந்த பிளாஸ்டிக் எங்கே போனது என்று அன்றைக்கு முழுவதும் மனதை அரித்தது. டப்பா சும்மா வளைந்திருந்தால்கூட இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

கழுவி வெயிலில் வைத்தேன். மஞ்சள் கறை வெயிலில் காய்ந்தால் மங்கும். நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கறை மங்கியது, குழி அப்படியே இருந்தது. அந்தக் கறையும் ஒரு சேதி சொல்கிறது. ரசத்திலும் மஞ்சள்தான் போடுகிறோம், ஆனால் ரசம் வைத்த டப்பாவில் இப்படிக் கறை பிடிப்பதில்லை. மஞ்சளின் நிறம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள் இறங்கியதால்தான் எவ்வளவு தேய்த்தாலும் வருவதில்லை. எண்ணெய் உள்ளே போகிற வழியில், பிளாஸ்டிக்கில் சேர்த்த பொருள்கள் வெளியே வரவும் செய்யும். அவற்றில் பல எண்ணெயில் எளிதாகக் கரைகிறவை. பிளாஸ்டிக்கைச் சோதிக்க ஐரோப்பாவில் 2011-ல் போட்ட விதியிலும் கொழுப்புள்ள உணவுக்கு என்று தனியாகத் தாவர எண்ணெயை ஊற்றித்தான் சோதிக்கச் சொல்கிறார்கள்.

கெட்டி டப்பாவில் இந்தக் குழி விழாது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். தடித்த சுவர் கூடுதலாகத் தாங்குகிறது. என்னிடம் இருந்த பாசார் மாலாம் டப்பாவில் ஒரு வருஷம் குழி விழவில்லை. ஆனால் கறை பிடித்தது, உட்புறம் மங்கியது, நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மயிரிழைக் கீறல்கள் நிறைந்துவிட்டன. பிளாஸ்டிக் டப்பாவுக்கு ஆயுள் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மூடி உடைகிற வரைக்கும் வைத்துக்கொள்கிறோம்.

நுண்துகள் விஷயமும் இருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் குழந்தை உணவு வருகிற பாலிபுரோப்பிலீன் டப்பாக்களையும் பாலித்தீன் பையையும் மைக்ரோவேவில் வைத்துச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று நிமிஷச் சூட்டில் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து சில சமயம் 42 லட்சம் நுண்துகள், அதைவிடச் சின்னவையாக 200 கோடிக்கு மேல். உள்ளே ஊற்றியிருந்தது வெறும் தண்ணீரும் நீர்த்த புளிப்பும்தான். கறி இல்லை, எண்ணெய் இல்லை. இந்தத் துகள்கள் உடம்பில் போய் என்ன நோயைக் கொண்டுவரும் என்று இன்னும் யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் மட்டும் காத்திருந்து பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. என் தங்கச்சி பிள்ளை பெற்று வந்தபோது பால் போத்தலிலிருந்து கஞ்சிக் கிண்ணம் வரை கண்ணாடியாகவே வாங்கிக் கொடுத்தேன்.

வாட்ஸப்பில் சுற்றுகிற "மைக்ரோவேவில் பிளாஸ்டிக் வைத்தால் டையாக்ஸின் வரும்" என்பதை மட்டும் நம்ப வேண்டாம். டையாக்ஸின் என்கிற நச்சுப்பொருள் பிறக்க குளோரின் வேண்டும், எரிக்கிற அளவு சூடு வேண்டும். 5-ஆம் எண் பிளாஸ்டிக்கில் குளோரின் கிடையாது, சாப்பாடு சூடு பண்ணுகிறதில் அந்தச் சூடும் வராது. தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் குப்பையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையையும் பழைய குழாயையும் கொளுத்துகிறோமே, அந்தப் புகையில்தான் அது வரும். இந்தச் செய்தியை அனுப்புகிறவர்கள் அந்த நெருப்பை அணைத்தால் தெருவுக்கே நல்லது.

கண்ணாடிக்கு வருகிறேன். எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. கறை பிடிப்பதில்லை. நெத்திலி வைத்த டப்பாவில் மறுநாள் கேசரி வைத்தால் கேசரியாகவே மணக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் வாங்கியது இன்றைக்கும் கடையில் எடுத்த மாதிரியே இருக்கிறது. நான் கொடுத்தது ஒன்றுக்கு 25 வெள்ளி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளாஸ்டிக் வாங்கிய கணக்கைப் பார்த்தால் அது பெரிய காசு இல்லை.

வாங்கும்போது போரோசிலிகேட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணக் கண்ணாடியைவிட அது சூட்டில் விரிவது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டாலும் எளிதில் விரிசல் விடாது. அதற்காக எதையும் தாங்கும் என்று இல்லை. உறையறையிலிருந்து எடுத்த கையோடு ஒருமுறை கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டேன். பட்டென்று ஒரு சத்தம், அடி இரண்டாகப் பிளந்தது, சாம்பார் மேசையெல்லாம் ஓடியது. இப்போது முதல் நாள் இரவே ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று, மூடி. கண்ணாடி டப்பாவின் மூடி பெரும்பாலும் அதே 5-ஆம் எண் பிளாஸ்டிக்தான். மூடியோடு உள்ளே வைத்தால் கொதிக்கிற எண்ணெய் தெறித்து மூடியில்தான் படும். மூடியைக் கழற்றிவிட்டு ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். ஆவி உள்ளேயே சுற்றி, கறியும் ஒரே சீராகச் சூடாகும்.

எடைதான் உண்மையான தொல்லை. மூடியோடு அரைக் கிலோவுக்கு மேல் வரும். மோட்டார் சைக்கிளில் செம்மண் பாதையில் போகிறவர்களுக்கு இரண்டு டப்பா என்றால் சுமைதான். நான் துண்டில் சுற்றிக் கூடையில் வைக்கிறேன். தோட்டத்தில் குலை வெட்டு வேலைக்குப் போகிறவர்கள் கண்ணாடியைக் கொண்டுபோகச் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். என் மகன் தமிழ்ப்பள்ளிக்குப் பிளாஸ்டிக் டப்பாதான் கொண்டுபோகிறான். அங்கே சூடு பண்ணுவது கிடையாது, ஆறிய பிறகு போட்டுக் கொடுக்கிறேன். அதில் எனக்கு உறுத்தல் இல்லை. சிலிக்கோன் டப்பா ஒன்று வாங்கி இரண்டு முறைதான் புழங்கினேன், அதை வைத்து நல்லது கெட்டது சொல்வது நியாயமாகாது.

எவர்சில்வர் தூக்கைச் சொல்லாமல் விட்டால் என் அம்மா கோபித்துக்கொள்வார். உடையாது, கறை பிடிக்காது, இரண்டு தலைமுறைக்கு வரும். மைக்ரோவேவ்தான் ஆகாது, உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், பொறி பறக்கும். வீட்டில் இருந்தால் இட்லிச் சட்டியில் வைத்து ஆவி காட்டிவிடலாம், எண்ணெய்க் கறிக்கு அதைவிடப் பதமான சூடு கிடையாது. ஆலையில் அது முடியாதே.

எங்கள் ஆலையில் கொதிகலன் பகுதியில் இருக்கிற அண்ணன் ஒருவர் வருஷக் கணக்காகத் தூக்கில்தான் கொண்டுவருவார், ஆறிய சோற்றைத்தான் சாப்பிடுவார். போன வருஷம் ஒருநாள் வீட்டிலிருந்து ஒரு பீங்கான் மங்கு, அதாவது கிண்ணம், கொண்டுபோய்க் கொடுத்தேன். "கறியை மட்டும் இதில் கொட்டிச் சூடு பண்ணுங்கண்ணே." ஒரு வாயை எடுத்து வைத்துவிட்டு, "நல்லா இருக்கும்மா, பசியாறுன மாதிரி இருக்கு" என்றார். அடுத்த வாரம் அவரே இன்னும் மூன்று மங்கு வாங்கி வந்து வைத்தார், தங்கக் கோடு இல்லாத வெள்ளை மங்கு. தங்கக் கோடு இருந்தால் அதுவும் பொறி விடும். நாலும் இப்போது மைக்ரோவேவ் பக்கத்துத் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கின்றன. தப்பாவ் டப்பாவோடு, அதாவது கடையில் கட்டிக் கொடுத்த டப்பாவோடு, வருகிறவர்களும் கறியை அதில் கொட்டித்தான் சூடு பண்ணுகிறார்கள், கழுவித் திரும்ப வைக்கிறார்கள்.